லயத்துக்கு ஒரே முகவரி

கதவுகளின் கதை – 14

நான் சிறுவனாக இருந்த காலத்தில் இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டத்துக்குத் தபால்காரர் வந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்து ஆள் ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் நோட்டன் பிரிட்ஜுக்கு இறங்கிப் போவார். தபால் கந்தோரில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பகலுக்குள் ஏறி வருவார். அவரைத் தப்பால்காரத் தாத்தா என்போம். பை நேராக ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் ஐயா பிரித்து டிவிசன் வாரியாக அடுக்குவார். பிறகு அது கணக்கப்பிள்ளை கையிலோ, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்த யாராவது ஒருவர் கையிலோ எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேரும்.

உறையின் மேல் பெயர், அதன் கீழே டிவிசன், அதன் கீழே தோட்டம், கடைசியில் நோட்டன் பிரிட்ஜ் என்று எழுதியிருக்கும். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அவ்வளவுதான் முகவரி. எங்கள் டிவிசனில் என் அக்காவின் பெயரில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். உயர்தரப் பரீட்சை முடிந்து அக்கா ஓர் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக் கடிதம் மேல் லயத்தில், அதே பெயர் கொண்ட வேறொரு பெண்ணின் வீட்டில், பதினொரு நாள் கிடந்தது. அந்தப் பெண் கொழும்பில் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்த ஆயாவுக்கு எழுத்து தெரியாது. யாரோ வாசித்துச் சொல்லி, அவர்கள் பதறிப்போய் ஓடிவந்து கொடுத்தபோது தேதி கடந்திருந்தது. அவர்கள் மேல் கோபப்பட எங்களுக்கு வழியில்லை. உறையில் இருந்த முகவரி சரியான முகவரிதான். அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உறைக்குத் தெரியாது.

இந்தப் பகுதிக்கான குறிப்புகளை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் கடிதம் என் நினைவை விட்டுப் போகவே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினித் திரைக்கு முதன்முதலில் காவல் போட்டவர்கள் செய்ததும் முகவரியை நம்பும் வேலைதான்.

ஆதீனா திட்டத்தைப் பற்றிப் போன பகுதியில் சொல்லியிருந்தேன். 1983 மே மாதம் எம்.ஐ.டி.யும் டிஜிட்டல், ஐ.பி.எம். நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. வளாகம் முழுவதும் கணினிகளைப் பரப்பி, மாணவர் எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் தன் வேலையைத் தொடர வேண்டும் என்பது அதன் நோக்கம். டிஜிட்டல் கொடுத்த பெட்டி ஒருவகை, ஐ.பி.எம். கொடுத்தது வேறுவகை. இரண்டிலும் ஒரேமாதிரி சாளரங்கள் தெரிய வேண்டும்.

அதே வளாகத்தில் கணினி அறிவியல் ஆய்வுக்கூடத்தில் பாப் ஷைஃப்ளர் இருந்தார். ஆர்கஸ் என்ற பரவல் கணினி ஆய்வில் ஈடுபட்டிருந்த அவருக்கு, பல கணினிகளில் ஓடும் நிரலின் பகுதிகளை ஒரே திரையில் வைத்துப் பார்க்கத் தேவை ஏற்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் பால் அசென்டேயும் பிரையன் ரீடும் உருவாக்கியிருந்த ‘டபிள்யூ’ என்ற சாளர மென்பொருளை அவர் எடுத்துத் திருத்தினார். அதில் நிரல் ஒன்றைக் கேட்டால் பதில் வரும்வரை காத்து நிற்கும். ஷைஃப்ளர் காத்து நிற்காமல் தொடர்ந்து அனுப்பும்படி மாற்றினார். வேகம் கூடியது. டபிள்யூவுக்கு அடுத்த எழுத்தான எக்ஸையே பெயராக வைத்து, 1984 ஜூன் 19 அன்று சக ஆய்வாளர்களுக்கு ஒரு மின்னஞ்சலில் அறிவித்தார். ஆதீனாவில் டிஜிட்டல் நிறுவனத்தின் சார்பில் பணியாற்றிய ஜிம் கெட்டிஸ் அவரோடு கைகோத்தார். மூன்றே ஆண்டுகளில் பத்துப் பதிப்புகளைக் கடந்து, 1987 செப்டம்பரில் பதினோராவது பதிப்பு வெளிவந்தது. இன்றும் யுனிக்ஸ் உலகில் எக்ஸ் என்றால் அந்தப் பதினொன்றுதான்.

எக்ஸில் ‘சர்வர்’ என்ற சொல் புதியவர்களைக் குழப்பும். சர்வர் என்றதும் எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கும் பெரிய பெட்டியை நினைக்கிறோம். எக்ஸில் சர்வர் உங்கள் மேசையின் மேல் இருக்கிறது. உங்கள் திரை, விசைப்பலகை, சுட்டி இந்த மூன்றையும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் நிரலுக்குத்தான் அந்தப் பெயர். தொலைவில் உள்ள பெரிய கணினியில் ஓடும் நிரல், “எனக்கு ஒரு சாளரம் திற, இந்தக் கோட்டை வரை, இவர் என்ன தட்டுகிறார் என்று சொல்” என்று உங்களிடம் வந்து கேட்கும். கேட்கிறவர் வாடிக்கையாளர், வாசல் உங்களுடையது. ஹட்டனில் உள்ள திரைக்குக் கொழும்பில் உள்ள கணினி விருந்தாளியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசல் என்றால் கதவு வேண்டும். எக்ஸ் சர்வர் 6000 என்ற எண்ணுள்ள போர்ட்டில் காத்திருக்கும், இரண்டாவது திரை என்றால் 6001. அந்த எண் உலகறிந்தது, யாரும் வந்து தட்டலாம். உள்ளே விடுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க முதலில் வந்த ஏற்பாட்டின் பெயர் எக்ஸ்ஹோஸ்ட். அதன் கையேட்டுப் பக்கத்தில் எழுதியவர்கள் என்று ஷைஃப்ளர், கெட்டிஸ் இருவரின் பெயரும் இன்றும் இருக்கிறது.

அது வேலை செய்த விதத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. சர்வரிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இருப்பவை கணினிகளின் பெயர்கள் மட்டும். கூட்டல் குறி போட்டு ஒரு பெயரைத் தட்டினால் அந்தக் கணினி பட்டியலில் ஏறும், கழித்தல் குறி போட்டால் இறங்கும். எப்போதும் வரவேண்டிய கணினிகளின் பெயரை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடலாம். பட்டியலை மாற்றும் உரிமை திரை இருக்கும் அதே கணினியில் ஓடும் நிரல்களுக்கு மட்டுமே உண்டு. வருகிறவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்று சர்வர் பார்க்கும். பெயர் பட்டியலில் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் “திரையைத் திறக்க முடியவில்லை” என்ற ஒரு வரியோடு நிரல் திரும்பிப் போய்விடும்.

அவர்கள் அசட்டையாகச் செய்தார்கள் என்று இன்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆதீனாவில் ஒரு கணினியின் முன் ஒரு மாணவர் உட்கார்ந்தால் அந்த நேரத்துக்கு அது அவருடைய கணினி. ஒரு பெட்டி, ஓர் ஆள். அந்த உலகத்தில் கணினியின் பெயரைக் கேட்பதும் ஆளின் பெயரைக் கேட்பதும் ஒன்றுதான். தனி வீட்டுக்குத் தனி முகவரி இருக்கும் ஊரில் கடிதம் தவறுவதில்லை.

ஆனால் எக்ஸ் அந்த ஊருக்குள் அடங்கி இருக்கவில்லை. 1988 ஜனவரியில் எம்.ஐ.டி.யில் எக்ஸ் கூட்டமைப்பு தொடங்கி ஷைஃப்ளர் அதன் இயக்குநரானார். பெரிய நிறுவனங்கள் வரிசையாகச் சேர்ந்தன. அதே காலத்தில் எக்ஸ் டெர்மினல் என்ற பெயரில் மலிவான பெட்டிகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் திரையும் விசைப்பலகையும் எக்ஸ் சர்வரும் மட்டும் இருந்தன. நிரல் எதுவும் அந்தப் பெட்டியில் ஓடாது. ஓடுவதெல்லாம் ஒரு பெரிய கணினியில், அதில் ஐம்பது பேருக்கும் நூறு பேருக்கும் கணக்கு இருக்கும். என் நிரல் என் திரைக்கு வரவேண்டுமானால் அந்தப் பெரிய கணினியின் பெயரை என் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஏற்றிய கணத்தில் அதில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் என் வாசல் திறந்துவிடும். என் பெயருக்கு அனுமதி கொடுக்க எழுதிய வரி, மேல் லயம் கீழ் லயம் எல்லாவற்றையும் உள்ளே விட்டது.

உள்ளே வந்தவரால் என்ன செய்ய முடியும்? வருகிறவர்களுக்கிடையே எக்ஸ் தடுப்புச் சுவர் எழுப்பவில்லை. சாளரங்களை நகர்த்துவதும் அடுக்குவதும் எப்படி என்று தான் தீர்மானிக்காமல், கருவிகளை மட்டும் தருவது எக்ஸின் கொள்கை. சாளர மேலாளர் என்ற தனி நிரல் மற்ற நிரல்களின் சாளரங்களைப் பிடித்து நகர்த்த வேண்டுமானால், ஒரு நிரல் இன்னொன்றின் சாளரத்தைத் தொட முடிய வேண்டும். அந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது. ஆகவே ஒருமுறை உள்ளே வந்தவர் உங்கள் திரையை அப்படியே படமெடுக்கலாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். நீங்கள் தட்டாததைத் தட்டியதாகவும் அனுப்பலாம். உங்கள் சாளரங்களை மூடியும் விடலாம்.

முதலில் இது விளையாட்டாகத்தான் இருந்தது. எக்ஸ்ரோச் என்றொரு சின்ன நிரல் உண்டு. கரப்பான் பூச்சிகள் திரையில் ஓடிச் சாளரங்களுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், சாளரத்தை நகர்த்தினால் வெளிச்சம் பட்டதுபோல் சிதறி ஓடும். அதை நண்பனின் திரைக்கு அனுப்பிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பதில் மாணவர்களுக்கு ஓர் ஆனந்தம். கரப்பான் வந்த வழியாகவே கடவுச்சொல் வெளியே போகும் என்பதை விளையாடியவர்களில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள்.

எக்ஸ்டெர்ம் என்ற முனைய நிரலை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அதன் தெரிவுப் பட்டியலில் ‘பாதுகாப்பான விசைப்பலகை’ என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் விசைகள் அந்த ஒரு சாளரத்துக்கு மட்டுமே போகும். அடையாளமாக எழுத்தின் நிறமும் பின்புலத்தின் நிறமும் இடம் மாறிக்கொள்ளும். கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுத் திரும்ப விடுவிக்க வேண்டும். பொதுப் பீலியில் குளிக்கும்போது புடவையைச் சுற்றிக் கட்டி மறைத்துக்கொள்வதுபோல, அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு மறைப்பு. பீலியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு அந்த மறைப்பின் அருமையும் போதாமையும் தெரியும்.

எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையில் இன்னொரு வசதியும் இருந்தது. எந்தப் பெயரும் கொடுக்காமல் வெறும் கூட்டல் குறியை மட்டும் போட்டால் காவல் முழுவதும் எடுபட்டுவிடும், உலகத்தில் எந்தக் கணினியும் வரலாம். ‘எக்ஸ்ஹோஸ்ட் +’ என்ற இந்த வரி பரவிய அளவுக்கு வேறு எந்தப் பாதுகாப்புக் கட்டளையும் பரவியதாக எனக்குத் தெரியவில்லை. சாளரம் திறக்கவில்லை, பிழைச் செய்தி வருகிறது, பக்கத்தில் இருப்பவர் இதைத் தட்டிப் பார் என்கிறார், தட்டியதும் வேலை செய்கிறது. ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. 2000க்குப் பிறகு நான் படித்த ஆய்வுகூடத்தில் சுவரில் ஒட்டியிருந்த வழிமுறைத் தாளிலேயே அது முதல் வரியாக இருந்தது. ஒரு மாலையில் பின்வரிசையில் இருந்த இரண்டு பேர் முன்வரிசை மாணவி எழுதிக்கொண்டிருந்த சொந்த மின்னஞ்சலைத் தங்கள் திரையில் வரவழைத்து வாசித்துச் சிரித்தார்கள். அவள் அழுதுகொண்டு எழுந்து போனாள். அந்தத் தாளைக் கிழித்தெறிய வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

1993இல் கணினிப் பாதுகாப்பு வல்லுநர்களான டான் ஃபார்மரும் வீட்சே வெனிமாவும், உங்கள் கணினியை நீங்களே உடைத்துப் பார்த்துப் பாதுகாப்பை மேம்படுத்துங்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். கட்டுப்பாடு எடுபட்ட எக்ஸ் சர்வர்களின் ஆபத்து அதில் விளக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே இருவர் வெளியிட்ட சாட்டன் என்ற சோதனை மென்பொருள், ஒரு வலையமைப்பில் திறந்துகிடக்கும் எக்ஸ் வாசல்களைத் தானே தேடிப் பட்டியலிட்டது. அதற்குள் மாற்று வழி ஒன்று நடைமுறைக்கு வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மாற்று வழிக்கு 1987இலேயே இடம் விட்டிருந்தார்கள். ஒரு நிரல் எக்ஸ் சர்வரின் வாசலுக்கு வந்ததும் முதலில் சில விவரங்களைச் சொல்ல வேண்டும். எண்களை எந்த வரிசையில் எழுதுகிறேன், எந்தப் பதிப்பு பேசுகிறேன் என்பவற்றுக்குப் பின்னால் இரண்டு கட்டங்கள் உண்டு. அனுமதி முறையின் பெயர் ஒன்று, அதற்கான சான்று மற்றொன்று. பதினோராவது பதிப்பு வந்தபோது அந்த இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விடுவதே வழக்கமாக இருந்தது. என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை, ஆனால் ஒருநாள் எழுத வேண்டி வரும் என்று தெரிந்து இடம் ஒதுக்கியிருந்தார்கள். வீடு கட்டும்போதே பிற்பாடு வரப்போகும் கம்பிக்குச் சுவரில் குழாய் பதித்துவைக்கும் மேசனை எனக்குப் பிடிக்கும். ஷைஃப்ளரும் தோழர்களும் அந்த ரகம்.

1989 டிசம்பரில் வந்த, பதினோராவது பதிப்பின் நான்காம் வெளியீடு அந்தக் கட்டங்களை நிரப்பியது. முறையின் பெயர் எம்.ஐ.டி. மேஜிக் குக்கீ 1. நீங்கள் உள்நுழையும்போது உங்கள் திரைக்கென்று 128 பிட் நீளமுள்ள ஓர் எண் புதிதாக உருவாக்கப்படும். பத்தின் அடிமானத்தில் எழுதினால் 39 இலக்கம் வரை போகும். அதன் ஒரு பிரதி சர்வரிடம் இருக்கும், மற்றொன்று உங்கள் வீட்டு அடைவில் உங்களால் மட்டும் வாசிக்கக்கூடிய ஒரு கோப்பில் இருக்கும். நிரல் வாசலுக்கு வரும்போது கோப்பைத் திறந்து எண்ணை எடுத்துக் காட்டும். பொருந்தினால் உள்ளே. எந்தக் கணினியிலிருந்து வந்தாய் என்ற கேள்வியே எழாது. ஒரே கணினியில் நூறு பேர் இருந்தாலும் கோப்பு உங்களுடையதாக இருந்தால் நீங்கள் மட்டும்தான் வரமுடியும். கோப்பைப் பார்க்கவும், எண்ணை வேறு கணினிக்கு எடுத்துச் செல்லவும் எக்ஸ்ஆத் என்ற கருவியை ஜிம் ஃபுல்டன் எழுதினார்.

குக்கீ என்பது யுனிக்ஸ்காரர்களின் பழைய பேச்சுவழக்கு. தமிழில் வில்லை என்றால் எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் சனத்துக்கு வில்லையோடு நீண்ட பழக்கம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் கழுத்தில் கயிற்றில் கோத்த தகர வில்லை தொங்கியது. எந்தத் தோட்டத்து ஆள் என்பதைச் சொல்லும் அடையாளமும் எண்ணும் அதில் பொறித்திருக்கும். வழியில் அதிகாரிகளுக்கு அந்த வில்லையே போதும், பயணச் செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டம் மாற வேண்டுமானால் துண்டு வேண்டும். கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த வில்லையில் ஆளின் பெயர் கிடையாது. தோட்டத்தின் உடைமை இது என்று சொல்லவே அது தொங்கியது. எக்ஸின் குக்கீயில் ஆள் தன் வில்லையைத் தானே வைத்திருக்கிறார், தன் வாசலுக்குத் தானே கொடுக்கிறார். வில்லை என்ற சொல் ஒன்றாக இருப்பதால் இந்த வேறுபாட்டை நான் மறந்துவிடக் கூடாது.

ஆனால் எந்த வில்லைக்கும் ஒரு பலவீனம் பொது. கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அது வேலை செய்யும். மேஜிக் குக்கீ வலையமைப்பின் கம்பியில் மறைப்பு எதுவும் இல்லாமல் திறந்த எழுத்தாகப் போனது. கம்பியில் காது வைத்துக் கேட்பவருக்கு எண் கிடைத்துவிடும். வீட்டு அடைவுகளைக் கணினிகள் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் குக்கீக் கோப்பும் அதே கம்பியில் திறந்தபடி பயணம் செய்தது. 1995இன் இறுதியில் இன்னொரு குறை வெளிவந்தது. சில கணினிகளில் எண்ணை உருவாக்கிய விதம் சரியாக இல்லை. தற்செயலானதுபோல் தோன்றிய எண்ணை ஊகித்துவிட முடிந்தது. 39 இலக்கமும் பார்வைக்குத்தான், உள்ளே இருந்தவை ஊகிக்கக்கூடிய அளவுக்குக் குறைந்த வாய்ப்புகள். எண்ணைத் திறந்தபடி அனுப்பாமல் டெஸ் என்ற மறைகுறியீட்டால் பூட்டி அனுப்பும் முறையையும் எக்ஸ் கூட்டமைப்பு உருவாக்கியிருந்தது. ஆனால் அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டம் மறைகுறியீட்டு மென்பொருளை ஆயுதத்தோடு சேர்த்து வைத்திருந்த காலம் அது. அதற்கு வேண்டிய நிரல் கோப்பு வெளிநாடுகளுக்குப் போகும் பொதியில் சேரவில்லை.

தீர்வு பின்லாந்திலிருந்து வந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் 1995இல் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டிருந்தார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனன் அதனால் உந்தப்பட்டு எஸ்.எஸ்.ஹெச். என்ற மென்பொருளை எழுதி ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். இலங்கையில் வணிக இணையச் சேவை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டு கணினிகளுக்கு இடையே மறைகுறியிட்ட ஒரு சுரங்கத்தை எஸ்.எஸ்.ஹெச். தோண்டியது. எக்ஸ் உரையாடலையும் அதற்குள் அனுப்பலாம்.

சுரங்கம் என்ற சொல் நோட்டன் பிரிட்ஜ்காரர்களுக்கு உவமையாகப் படாது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் நுழைந்து விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு வருகிறது. அங்கே சுழலிகளைச் சுற்றிவிட்டு நோட்டன் குளத்தில் சேர்கிறது. மறுபடி ஒரு சுரங்கம், பழைய லக்சபான மின்நிலையம். இலங்கையின் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். லக்சபானவின் முதல் கட்டம் இயங்கத் தொடங்கியது 1950இல். அவர் 1953இல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய நிலையம் 1965இல் வந்தது. சின்ன வயதில் அந்தத் தண்ணீரை எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். காசல்ரீயில் பார்த்த தண்ணீர் நோட்டனில் மறுபடி தெரிகிறது, நடுவில் எங்கள் காலுக்கு அடியில் போகிறது, ஆனால் வழியில் யாரும் ஒரு குடம் மொள்ள முடியாது.

யுலோனனின் சுரங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது குக்கீயை அது கையாளும் விதம். தொலைவில் உள்ள கணினிக்கு உங்கள் உண்மையான எண் போவதே இல்லை. எஸ்.எஸ்.ஹெச். அதே அளவுள்ள ஒரு பொய் எண்ணை உருவாக்கி அங்கே கொடுத்துவைக்கும். அங்குள்ள நிரல் பொய் எண்ணைக் காட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் நுழையும். இந்தப் பக்கம், உங்கள் வீட்டு வாசலில், எஸ்.எஸ்.ஹெச். அதைச் சரிபார்த்து, நீக்கிவிட்டு, உண்மை எண்ணை வைத்துச் சர்வரிடம் ஒப்படைக்கும். தொலைக் கணினியில் யாராவது எண்ணைத் திருடினால் கிடைப்பது அந்தச் சுரங்கம் இருக்கும்வரை மட்டுமே உதவும் ஒரு போலி. வெளியூர்க் கடைக்கு அனுப்பும் ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தனுப்பாத குடும்பத்தலைவியின் அறிவு அது.

வாசலில் யாரை விடுவது என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. விட்டபின் அவர் எந்த அறைவரை வரலாம் என்ற கேள்வி அப்படியே நின்றது. இதுவும் மலையகத்துக்குப் புதிதில்லை. தோட்டத்துப் பாதைகள் கம்பெனிக்குச் சொந்தம் என்று சொல்லி, வெளியிலிருந்து வரும் சங்கத்து ஆட்களை அத்துமீறல் வழக்கில் மாட்டிய காலம் ஒன்று இருந்தது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் நுழைவதற்கென்றே 1970இல் ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டது. நுழையலாம் என்று சொன்ன அந்தச் சட்டம், எப்படி, எதற்காக என்பதையும் வரையறுக்க வேண்டியிருந்தது. கேட்டைத் திறப்பது ஒரு வேலை என்றால் அதற்குப் பிறகு என்ன என்பது இன்னொரு வேலை.

எக்ஸில் அந்த இரண்டாவது வேலையை 1996இல் தொட்டுப் பார்த்தார்கள். பாதுகாப்பு நீட்சி என்ற பெயரில், நம்பகமான விருந்தாளி, நம்பமுடியாத விருந்தாளி என்று இரண்டு வகை வில்லைகள் வந்தன. இரண்டாவது வகையோடு வருபவர் மற்ற நிரல்களின் சாளரங்களைத் தொட முடியாது. நல்ல யோசனை. ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் தொடலாம் என்ற உலகத்தில் வளர்ந்த நிரல்கள் அந்தக் கட்டுப்பாட்டில் முறிந்து விழுந்தன. 2004இல் எஸ்.எஸ்.ஹெச். வழிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். இதைக் கையில் எடுத்தபோது, சாதாரண வழிக்கு ஓர் எழுத்தும், முழு நம்பிக்கை கொடுக்கும் வழிக்கு இன்னோர் எழுத்தும் தந்தது. நிரல் முறிந்தவர்கள் இரண்டாவது எழுத்தைத் தட்டப் பழகிக்கொண்டார்கள். ‘எக்ஸ்ஹோஸ்ட் +’ போன வழியிலேயே இதுவும் போனது. அவசரத்தில் இருப்பவரிடம் பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுத்தால் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையைப் பார்ப்பார். அதற்காக அவரை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

அதே 2004இல் எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை எக்ஸின் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அதையடுத்து வந்த பதிப்புகளில் பழைய எக்ஸ்ஹோஸ்டுக்கே ஒரு சின்ன மாற்றம் நேர்ந்தது. பெரும்பாலும் கணினிகளின் பெயர்களே இருந்த பட்டியலில், அந்தக் கணினியில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பயனரின் பெயரையும் எழுதலாம் என்று ஆனது. பெரிய விழா எதுவும் நடக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் கட்டடத்தின் பெயரே இருந்த பட்டியலில் அதற்குள் வசிக்கும் ஆளின் பெயரை எளிதாக எழுத முடிந்தது.

2015 பிப்ரவரியில் வந்த எக்ஸ் சர்வரின் 1.17 பதிப்பு வலையமைப்புப் பக்கத்துக் கதவை இயல்பாகவே மூடிவைத்தது. வேண்டுமென்று கேட்டால் மட்டும் 6000ஆம் போர்ட் திறக்கும். பல லினக்ஸ் வெளியீட்டாளர்கள் அதற்கு முன்பே அதை மூடியிருந்தார்கள். 1984இல் எந்தத் தொலைவிலிருந்தும் வாருங்கள் என்று பெருமையோடு திறந்த வாசலுக்கு இப்போது பெரும்பாலும் சுரங்கம் வழியாகத்தான் பாதை. விருந்தாளிகளுக்கிடையே சுவர் எழுப்பும் வேலை 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் என்ற மாற்றுச் சாளர அமைப்பில்தான் முறையாக நடந்தது. அதில் ஒரு நிரல் இன்னொரு நிரலின் விசைகளைக் கேட்க முடியாது. அது அடுத்த பகுதிக்கு.

இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும் மடிக்கணினியில் நேற்றிரவு எக்ஸ்ஹோஸ்ட் என்று தட்டிப் பார்த்தேன், கூட்டல் இல்லாமல், கழித்தல் இல்லாமல், வெறுமனே. இரண்டே வரிகள் வந்தன. அணுகல் கட்டுப்பாடு இயங்குகிறது, அனுமதி பெற்றவர்கள் மட்டுமே இணையலாம் என்பது முதல் வரி. அதன் கீழே, பட்டியலில் ஒரே ஒரு பதிவாக, என் பெயர். பக்கத்தில் மேசையின் மேல் அக்காவின் மகளுக்கு வந்த பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் இருந்தது. உறையில் அவள் பெயர், டிவிசன், தோட்டம், நோட்டன் பிரிட்ஜ். இந்த முறை அது எங்கும் தங்கிவிடக் கூடாது என்று அக்கா நான்கு நாளாகக் காலையில் தானே இறங்கிப்போய்த் தபால் கந்தோர் வாசலில் நின்று வாங்கி வந்திருந்தாள்.